வீட்டுத் தொட்டியிற் கௌராமி மீன் வளர்ப்பு

கல்முனைக் கரையில் வாழும் மக்களுக்கு மீன் புதியதொரு பொருளன்று. ஊரின் கிழக்கே கடலும், மேற்கே வயல்களும் அவற்றை ஊடறுத்தோடும் வாய்க்கால்களும் அமைந்திருத்தலால், கடல் மீனையும் நன்னீர் மீனையும் அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவர். உணவுக்காகவன்றிக் கண்ணுக்கு இன்பமாக மீன் வைத்தலும் இங்கு அந்நியமானதன்று. வுழூச் செய்தற்கெனப் பள்ளிவாசல்களிற் கட்டப்படும் ஹவ்ழில் மீன்களை விட்டு வைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. தொழுகைக்கு வாப்பாவுடன் வந்த சிறுவன் ஹவ்ழின் விளிம்பிற் குந்தியிருந்து மீன்களைப் பார்த்து மகிழ்தலும் இயல்பே.

ஆயினும், வீட்டிலே கண்ணாடித் தொட்டி வைக்க முற்படுவோருட் பலர் முதல் மாதத்திலேயே மனஞ் சோர்ந்து விடுகின்றனர். பெரும்பாலும் நிகழ்வது இதுவே: பெருநாளையொட்டிப் பிள்ளைகள் கேட்க, ஒரு தொட்டியும் ஆறேழு மீன்களும் வீட்டுக்கு வரும். அன்றே நீர் நிரப்பி அன்றே மீன்கள் விடப்படும். பிள்ளைகள் மாறி மாறி உணவிடுவர். இரண்டாம் வாரத்தில் ஒரு மீன் மூலையில் ஒதுங்கும்; மூன்றாம் வாரத்தில் தொட்டி வெறுமையாகும். பின்னர் அத்தொட்டி முற்றத்தில் மழைநீர் ஏந்தி, நுளம்பு பெருகும் இடமாக மாறும். பணம் வீணாதலோடு, ஓர் உயிரைப் பேணக் கற்றிருக்க வேண்டிய பிள்ளையும் அவ்வாய்ப்பை இழக்கின்றது.

இவ்வாறு நேராதிருக்க, முதன்முதலாகத் தொட்டி வைப்போர்க்கு ஏற்ற மீன்களுட் கௌராமி முக்கியமானது. அது அமைதியான இயல்புடையது. எமது வெப்பத்துக்கு இசைந்தது. சிக்கலான இயந்திரங்களை வேண்டாதது. எனினும் அதன் இயல்பை அறிந்து வைத்தாலன்றி இந்நன்மைகள் பயன்படா.

காற்றை உட்கொள்ளும் மீன்

மாரி காலத்தில் வயல் வரம்பைக் கடந்து தரைமேல் ஊர்ந்து செல்லும் பனையேறிக் கெண்டையைக் கண்டோர், அது நீரின்றி எவ்வாறு உயிர் தாங்குகின்றதென வியந்திருப்பர். கௌராமியும் அம்மீனின் உறவினதே. இவற்றுக்குச் செவுள்களோடு, செவுள்களுக்கு மேலே தலையின் இருபுறத்தும் மற்றோர் உறுப்பும் உண்டு. முதலாம் செவுள் வளைவின் எலும்பு விரிந்து மடிப்பு மடிப்பாகி, குருதிக் குழாய்கள் நிறைந்த மெல்லிய தோலாற் போர்த்தப்பட்டு இவ்வுறுப்பு அமைந்துள்ளது. வளைந்து வளைந்து செல்லும் வழிகளை உடைமையால் விலங்கியலார் இதனை லபிரிந்து உறுப்பு என்பர். மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயாற் காற்றை விழுங்க, அக்காற்றிலுள்ள ஒட்சிசன் இம்மடிப்புகளின் வழியே குருதியிற் கலக்கின்றது.

இதனாற் கிடைக்கும் பயன் பெரிது. வெப்பமான நீர் குறைந்த அளவு ஒட்சிசனையே தாங்கும். ஏனைய மீன்கள் திணறும் அந்நீரிலும் கௌராமி வாழும். 2022ஆம் ஆண்டிலே நாடெங்கும் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரம் தடைப்பட்ட காலத்தைப் போல, காற்றூதும் பம்பி நின்றுவிடும் வேளையிலும் அது உடனே மூச்சடைத்து மாளாது.

ஆனால் இங்கேயே பலர் தவறுகின்றனர். காற்றை உட்கொள்ளும் மீனுக்கு நீர் எவ்வாறிருந்தாலென்ன என எண்ணி, சிறு சாடியில் அடைத்து, நீரை மாற்றாது விடுகின்றனர். ஒட்சிசன் குறைவிலிருந்து மட்டுமே இவ்வுறுப்பு மீனைக் காக்கும். மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் உண்டாகும் அமோனியா, மற்றெல்லா மீன்களையும் போலவே கௌராமியின் செவுள்களையும் எரிக்கும். மூச்சுத் திணறல் வெளிப்படையாகத் தோன்றாமையால், நீர் நஞ்சாவதை வளர்ப்போர் காலந்தாழ்த்தியே அறிகின்றனர்.

எவ்வகையைத் தெரிவு செய்தல் வேண்டும்?

கௌராமி என்ற பெயரை மட்டும் நம்பி வாங்குதல் கூடாது. அப்பெயரிலே சுண்டுவிரல் அளவினதும் உண்டு. முழங்கை நீளத்தை மிஞ்சுவதும் உண்டு.

தேன் கௌராமி சிறு தொட்டிக்கு மிகவும் உகந்தது. கங்கை, பிரமபுத்திரா ஆகிய நதிகளின் பள்ளப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இது ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் நீளமே வளரும். இனம்பெருக்கும் காலத்தில் ஆண்மீன் தேன்நிறங் கொண்டு, கழுத்தும் வயிற்றின் அடிப்புறமும் கருநீலமாகும். கூச்சமுள்ள இம்மீன் பிறவற்றைத் துன்புறுத்துவது அரிது.

முத்துக் கௌராமி மலாயத் தீபகற்பம், சுமாத்திரா, போர்ணியோ ஆகிய இடங்களைச் சேர்ந்தது. 12 சென்ரிமீற்றர் வரை வளரும். உடலெங்கும் முத்துத் தூவினாற் போன்ற வெண்புள்ளிகளும், வாயிலிருந்து வாலடி வரை ஓடும் கரிய கோடும் இதன் அடையாளங்கள். ஆண்மீனின் மார்பு செம்மஞ்சள் நிறமானது. முதுகுத் துடுப்பு நீண்டு கூர்மையாகும். பெரிய கௌராமிகளுள் இதனை விடச் சாதுவானது காண்டல் அரிது.

குட்டைக் கௌராமி அழகிற் சிறந்தது. செந்நிறமும் நீலமும் மாறி மாறி வரிகளாய் அமைந்த ஆண்மீனை விரும்பாதார் இல்லை. எனினும் ஆண்கள் இரண்டு ஒரு சிறு தொட்டியிற் சேர்ந்தால் ஒன்றையொன்று விரட்டும். அன்றியும் இவ்வினத்தைப் பற்றும் ஒரு வைரசு நோய்க்கு மருந்தில்லை. ஆகையாற் கடையில் மெலிந்தும் நிறம் மங்கியும் தோன்றும் குட்டைக் கௌராமியை வாங்காது விடுதல் நன்று.

நீலக் கௌராமியின் உடல் நடுவில் ஒன்றும் வாலடியில் ஒன்றுமாகக் கரும்புள்ளிகள் உண்டு. கண்ணையும் சேர்த்து எண்ணி இதனை முப்புள்ளிக் கௌராமி என்பர். பொன்னிறக் கௌராமியும் இவ்வினத்தின் நிறவேறுபாடே. 15 சென்ரிமீற்றர் வரை வளரும் இம்மீன் உறுதியானதாயினும், முதிர்ந்த ஆண் சிறு மீன்களை அடக்கியாளும்.

முத்தமிடும் கௌராமி 30 சென்ரிமீற்றர் வரை வளரவல்லது. இரு மீன்கள் வாயோடு வாய் வைத்தலைக் கண்டோர் அன்பெனக் கருதுவர். பெரும்பாலும் அது வலிமையைச் சோதிக்கும் போட்டியே. உணவு மீனாக 1909ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட பெருங் கௌராமியோ 70 சென்ரிமீற்றர் வரை வளரக் கூடியது. இதன் குஞ்சு கடைத் தொட்டியில் அழகாகத் தோன்றினும், வீட்டுத் தொட்டிக்கு இது தகாது.

தொட்டியும் அதன் இடமும்

60 சென்ரிமீற்றர் நீளமும், 30 சென்ரிமீற்றர் அகலமும், 30 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள தொட்டி 54 லீற்றர் கொள்ளும். தேன் கௌராமி நான்கு அல்லது ஐந்துக்கு இது போதும். முத்துக் கௌராமிக்கு 90 சென்ரிமீற்றர் நீளமும் 40 சென்ரிமீற்றர் அகலமும் உயரமும் கொண்ட, அதாவது 144 லீற்றர் கொள்ளும் தொட்டி ஏற்றது. கௌராமி அடிக்கடி மேலே வருவதாதலின், உயர்ந்து ஒடுங்கிய தொட்டியினும் நீண்டு தாழ்ந்த தொட்டியே நல்லது.

ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம் நிறையுடையது. கண்ணாடியும் மணலும் சேரச் சிறிய தொட்டியே 70 கிலோகிராமை எட்டும் என்பதை நினைவிற் கொண்டு, ஆடாத மேசையின்மேல் அதனை வைத்தல் வேண்டும். நேர்வெயில் படும் யன்னலோரம் ஆகாது, அங்கு நீர் கொதித்தெழும், பாசியும் படரும். கௌராமிக்கு ஏற்ற வெப்பநிலை 24 முதல் 28 பாகை செல்சியஸ் வரையாகும். ஆகையால் இப்பகுதியில் நீரைச் சூடாக்கும் கருவி பெரும்பாலும் வேண்டியதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களிற் குளிர்ந்த மூலையைத் தேடுதலே முக்கியம்.

நீரை விளிம்பு வரை நிரப்பலாகாது. மேலே 5 முதல் 7 சென்ரிமீற்றர் வெளி விட்டு, காற்றுப் புகும் துளைகளுள்ள மூடியால் மூடுதல் வேண்டும். மூடியின்கீழ்த் தங்கும் ஈரமும் வெப்பமும் உள்ள காற்று மீனின் சுவாசத்துக்கு இதமானது. மீன் துள்ளி வெளியே வீழ்தலையும் மூடி தடுக்கும்.

கரையோரக் கிணற்று நீர்

இப்பகுதியில் மீன் வளர்ப்போர் முதலில் ஆராய வேண்டியது நீரையே. கரையோர மணலில் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கின்றது. ஆழமற்ற கிணறுகள் இப்படையிலிருந்தே நீர் பெறுகின்றன. வறட்சியில் மின்பம்பியால் அளவின்றி இறைத்தால் உவர்நீர் மேலேறும். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது கிணறுகள் உவர்ந்தன. கிழக்குக் கரையில், துப்புரவு செய்யுமாறு கடுமையாக இறைக்கப்பட்ட கிணறுகளில் உவர்நீர் மேலும் புகுந்ததெனப் பின்னர் ஆய்வாளர் கண்டனர். காலப்போக்கிற் பெய்த மழையே அந்நீரை இனிமையாக்கிற்று.

ஆதலால், சென்ற மாதம் நன்றாயிருந்த கிணற்று நீர் இம்மாதமும் அவ்வாறே இருக்குமெனக் கொள்ளலாகாது. நாவிற் கரிக்கும் நீர் கௌராமிக்கு ஆகாது. உவர்ப்பின்றிக் கடினமாக மட்டுமுள்ள நீராயின், மாரியிற் சேமித்த மழைநீரைச் சமபங்கு கலந்து பயன்படுத்தலாம். கூரையைக் கழுவிவரும் முதல் மழையின் நீரை ஒழுகவிட்டுப் பின்னரே சேமித்தல் வேண்டும்.

குழாய் நீரிற் குளோரீன் கலந்திருக்கும். அதனை அகன்ற வாளியில் ஒரு நாள் முழுதும் வைத்தெடுத்தால் குளோரீன் நீங்கும். வாளியை மெல்லிய துணியாற் கட்டி மூடுதல் கட்டாயம். அன்றேல் மீனுக்கெனச் சேமித்த நீரே நுளம்புக்குத் தொட்டிலாகும்.

தொட்டியின் அடியிற் பரப்புதற்குக் கடற்கரை மணல் உதவாது. அதிலுள்ள உப்போடு, சிப்பி ஓட்டின் சுண்ணாம்பும் நீரிற் கரைந்து அதன் காரத்தன்மையைக் கூட்டும். வெப்பமும் காரமும் மிகுந்த நீரில் அமோனியாவின் நச்சுத்தன்மை பன்மடங்காகும். ஆற்று மணலைப் பலமுறை கழுவிப் பயன்படுத்துக. அதன்மேற் சில துளி வினாகிரி விட, நுரை எழுந்தாற் சுண்ணாம்பு உண்டென அறியலாம்.

மீனுக்கு முன் தொட்டி பழக வேண்டும்

வயலைப் பண்படுத்தாது விதைப்பார் எவருமிலர். புதிய தொட்டியும் அவ்வாறே பண்படுத்தப்பட வேண்டியதாகும். மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறும் நுண்ணுயிர்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், பின்னர் அதனை நஞ்சு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இவை போதிய அளவு பெருகுதற்கு நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். மூன்றாம் வாரத்தில் மீன்கள் மாளுதற்குக் காரணம், இவை பெருகுமுன் மீன்களை நிறைத்து விடுதலேயாகும்.

தொட்டியில் நீரும் மணலும் செடிகளும் இட்டு, காற்றால் இயங்கும் பஞ்சு வடிகட்டியை மெதுவாக ஓடவிடுதல் வேண்டும். நாள்தோறும் மிகச் சிறிது மீனுணவு இட்டு வந்தால் அது அழுகி நுண்ணுயிர்க்கு உணவாகும். நன்கு நடைபெறும் நோயற்ற தொட்டியொன்றின் பழைய பஞ்சு கிடைக்குமாயின் இக்காலம் சுருங்கும். கடைகளிற் கிடைக்கும் சோதனைப் பொருளால் அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லையெனக் கண்ட பின்னரே மீன் விடுக. அப்பொழுதும் இரண்டு மூன்றாகவே சேர்த்தல் நன்று. மீன் வந்த பையைக் கால்மணி நேரம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையிற் சேர்த்து, பின் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுக.

வாரத்துக்கொரு முறை காற்பங்கு நீரை மாற்றுதல் போதும். சிறிய தொட்டிக்கு இது ஏறத்தாழ ஒரு வாளி நீரே. முழுநீரையும் ஒருமிக்கக் கொட்டிக் கழுவுதல் நன்மையன்று. பேணி வளர்த்த நுண்ணுயிர்கள் அதனோடு அழியும். வடிகட்டியின் பஞ்சையும் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக.

அமைதி குலையும் விதம்

கௌராமி அமைதியானதெனினும், தொட்டியின் ஒழுங்கீனம் அதனையும் சண்டைக்கு இழுக்கும். ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண்கள் என்ற கணக்கில் வைத்தல் வேண்டும். பெண் ஒன்றே இருப்பின் ஆண் அதனை ஓயாது விரட்டும். ஓடுவதற்கும் ஒளிவதற்கும் இடமிருப்பின் விரட்டல் சில நொடியில் தீரும். வெறுமையான தொட்டியில் அது சாவில் முடியும்.

ஆகையாற் செடிகள் அலங்காரத்துக்கு மட்டும் உரியனவல்ல. ஓரங்களில் வேலம்பாசியை அடர்த்தியாகவும், நடுவில் நீந்த வெளி விட்டும் நடுக. இலங்கையின் ஓடைகளைத் தாயகமாகக் கொண்டு உலகெங்கும் மீன் தொட்டிகளில் நடப்படும் கிரிப்டோகொரைன் இனச் செடிகள் குறைந்த ஒளியிலும் வளர்வன. இவற்றைக் காட்டோடைகளிற் பிடுங்காது, வளர்ப்போரிடமிருந்தே பெறுக. மிதக்கும் செடிகள் நீர்மட்டம் முழுவதையும் அடைக்கலாகாது. மீன் காற்று விழுங்க வெளி வேண்டும்.

கௌராமியின் வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் நீண்ட நூல்களாக மாறியுள்ளன. கலங்கிய நீரிலே தன் முன்னுள்ளதைத் தொட்டும் சுவைத்தும் அறிய இவை உதவுகின்றன. வரிக் கெண்டை போன்ற துடுக்கான மீன்கள் இந்நூல்களைக் கடித்துத் துண்டிக்கும். சண்டை மீனும் சேர்த்து வைக்கத் தகாதது. 1929ஆம் ஆண்டிலே தெரணியகலவால் விவரிக்கப்பட்ட, இலங்கைக்கே உரிய செர்ரிக் கெண்டை போன்ற சாதுவான சிறு மீன்கள் நல்ல துணையாகும்.

உணவும் நுளம்பும்

கௌராமியின் வாய் சிறியது, பார்வை மேல்நோக்கியது. மிதக்கும் சிறு உணவே அதற்கு ஏற்றது. நாளுக்கு இருமுறை, இரண்டு நிமிடத்துள் உண்டு முடிக்கும் அளவே இடுக. வாரத்தில் ஒரு நாள் உணவின்றி விடினும் தீங்கில்லை. உணவிடும் பொறுப்பை ஒரு பிள்ளையிடம் மட்டும் ஒப்படைத்தால், மிகையுணவால் நீர் கெடுதல் பெரிதும் குறையும்.

நுளம்புக் குடம்பி இம்மீனுக்கு மிகவும் விருப்பமான இரை. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் டெங்கு என ஐயுறப்பட்டோர் தொகை 186,000ஐக் கடந்தது. தெளிந்து தேங்கிய நீரிற் பெருகும் டெங்கு நுளம்பின் குடம்பிகள், கௌராமி உள்ள தொட்டியில் நுளம்பாக வளர்தல் அரிது. எனினும் மீனுக்கு இரையாகுமென்று கருதிக் குடம்பிகளைப் பாத்திரங்களில் வளர்த்தல் பெருந்தவறாகும். முட்டையிலிருந்து நுளம்பாதற்கு ஏழு முதல் பத்து நாளே செல்லும். மீனற்ற தொட்டியை அன்றே கவிழ்த்து உலர வைத்தல் வேண்டும்.

குஞ்சு பெறுதல்

இனம்பெருக்க விரும்புவோர் ஒரு தனித் தொட்டியில் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நீர் விட்டு, சில மிதக்கும் இலைகளிட்டு, நன்கு உணவூட்டிய இணையை விடுதல் வேண்டும். ஆண்மீன் காற்றை விழுங்கி, எச்சிலோடு சேர்த்து உமிழ்ந்து நீர்மட்டத்தில் நுரைக்கூடு கட்டும். கூட்டின்கீழ் அது பெண்ணைத் தழுவ, நூற்றுக்கணக்கான முட்டைகள் வெளிப்படும். எண்ணெய்த் துளி உள்ளமையால் முட்டைகள் மேலே மிதக்கும். சிதறியவற்றை ஆண் வாயால் எடுத்துக் கூட்டிற் சேர்க்கும். முட்டையிட்டதும் பெண்ணை அகற்றுக. ஒன்று அல்லது இரண்டு நாளிற் குஞ்சு பொரிக்கும். அதன்மேல் இரண்டு மூன்று நாளில் அவை தாமாக நீந்தும்போது ஆணையும் அகற்றுக. முதற் கிழமையிற் பச்சை நீரிலுள்ள நுண்ணுயிர்களும், பின்னர் ஆர்ட்டீமியாக் குஞ்சுகளும் உணவாகும். காற்றை உட்கொள்ளும் உறுப்பு சில வாரங்கள் சென்ற பின்னரே உருவாகும். அதுவரை மூடியை அகற்றாதும் நீரைக் கெடவிடாதும் காத்தல் வேண்டும்.

வாய்க்காலில் விடலாகாது

மீன் வளர்ப்பில் அலுத்தோரும் ஊர்விட்டு இடம்பெயர்வோரும், மீனைக் கொல்ல மனமின்றி வாய்க்காலிலோ குளத்திலோ விட்டுவிடுவர். இரக்கத்தாற் செய்யப்படும் இச்செயல் பெருந்தீங்காய் முடியக் கூடும். தொட்டியிற் கௌராமியை எளிதாக வளரச் செய்யும் அதே இயல்பு, அதாவது ஒட்சிசன் குறைந்த நீரிலும் உயிர் தாங்கும் வல்லமை, வெளிநீரில் அது நிலைத்துப் பெருகவும் துணைசெய்யும். 1951ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட பாம்புத்தோற் கௌராமி இன்று நாட்டின் நீர்நிலைகளில் தானே பெருகி வாழ்கின்றது. அலங்கார மீன்களாக வந்த கத்தி மீனும், தொட்டி துடைக்கும் கெளிற்று மீனும் வெளிநீரிற் பரவியுள்ளன. ஆய்வின் பொருட்டு 1939இற் கொண்டுவரப்பட்ட சல்வீனியா வயல்களையும் வாய்க்கால்களையும் மூடியதைக் கமக்காரர் நன்கறிவர்.

மாரி வெள்ளத்திற் கிட்டங்கித் தாம்போதி நீரில் மூழ்கும்போது வயலும் வாய்க்காலும் ஆறும் ஒன்றாகிவிடுகின்றன. ஒரு வாய்க்காலில் விட்ட மீன் அவ்வாய்க்காலோடு நில்லாது. ஒட்டுண்ணியும் நோயும் அதனோடு செல்லும். எமது சிறு மீன்களின் இரையும் இடமும் பறிபோகும். கழித்த செடிகளையும் நீரில் எறியாது வெயிலில் உலர்த்திப் புதைத்தல் வேண்டும். வளர்க்க இயலாத மீனை வாங்கிய கடையிற் கொடுக்கலாம். அல்லது வளர்க்கும் மற்றொருவரிடம் ஒப்படைக்கலாம். அழுக்கு நீரையும் வாய்க்காலில் விடாது, தென்னையின் அடியில் ஊற்றுதல் நன்று. மரத்துக்கு அது உரமுமாகும்.

தொட்டி வாங்க எண்ணுவோர் நினைவிற் கொள்ள வேண்டியவை சிலவே. உவர்ப்பற்ற நீரைத் தேடுக. மீனுக்கு ஒரு மாதம் முன்னரே தொட்டியை அமைக்க. வளர்ந்தபின் எத்துணைப் பெரிதாகும் என்று கேட்டறிந்து மீனைத் தெரிக. குறைவாக உணவிட்டு, வாரந்தோறும் ஒரு வாளி நீரை மாற்றுக. இவ்வாறு செய்யும் வீட்டிலே, அடுத்த பெருநாளுக்கும் அதே மீன்கள் பிள்ளைகளின் கையைக் கண்டு நீர்மட்டத்துக்கு எழும்பி வரும்.